இறுகுவதும் இற்றுப்போவதும்

ஒரு பிசினை ஆக்குவதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதும். அது மண்ணில் உண்மையாகவே மக்குகிறதா என்று அறிவதற்கோ அரையாண்டு முதல் இரண்டாண்டு வரை காத்திருக்க வேண்டும். இன்று கடைகளிலும் கண்காட்சிகளிலும் ‘மக்கும்’ என்ற முத்திரையோடு வந்து குவியும் பொருள்களைப் பற்றிய குழப்பம் அனைத்துக்கும், இவ்விரு காலங்களுக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வே மூல காரணம் என்பது என் அபிப்பிராயம். புதிய பதார்த்தத்தை ஆக்கிக் காட்டுகிறவருக்குப் பரிசும் பாராட்டும் பத்திரிகைச் செய்தியும் உடனே கிடைக்கின்றன. அதைக் கண்ணாடிக் கலத்தில் உரத்தோடு கலந்து வைத்து, நாள்தோறும் அதன் மூச்சை அளந்து, ஆறு மாதம் கழித்து ‘இது மக்கவில்லை’ என்று எழுதுகிறவரின் உழைப்பை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோதனைக்குரிய மதிப்பையும் பொருளையும் காலத்தையும் கொடுக்க மனமில்லாத ஒரு சமுதாயம், மக்கும் பிசின் தனக்குக் கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றது என்று வாதிக்கவே இதை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பதார்த்தங்களில் இரண்டு குலங்கள் உண்டு. தண்ணீர்க் குடமும் பால் பாக்கெட்டும் ஒரு குலம். அவற்றில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டப்படாமல் அருகருகே கிடப்பதால், சூடு ஏறினால் வழுக்கி ஓடும், ஆறினால் மறுபடி உறையும், ஆகவே உருக்கி வேறோர் உருவமாக வார்த்துக்கொள்ளலாம். பிரஷர் குக்கரின் கறுத்த கைப்பிடியும், பழைய வீடுகளின் மின்சார சுவிட்சும், மீனவரின் ஃபைபர் படகும் மற்றொரு குலம். அவற்றில் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகள் எண்ணற்று விழுந்து, பொருள் முழுவதுமே ஏறத்தாழ ஒரே மூலக்கூறாக இறுகிவிடுகிறது. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கண்டதும் இந்தப் பிணைப்பைத்தான். 1907-ல் லியோ பேக்லண்ட் பீனாலையும் பார்மால்டிஹைடையும் அழுத்தத்தில் வேகவைத்துத் தம் பெயரால் பேக்லைட் என்று உலகுக்குக் கொடுத்ததும் இந்தப் பிணைப்பைத்தான். ஒருமுறை இறுகியதை உருக்க முடியாது; எந்தத் திரவத்திலும் கரைக்க முடியாது; மேலும் மேலும் சூடாக்கினால் கருகுமேயன்றி இளகாது.

இந்தப் பிடிவாதமே இக்குலத்தின் பெருமை. இதுவே இப்போது நமக்கு வந்து சேர்ந்துள்ள துன்பமும் ஆகும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரத்தின் குப்பை நிலத்தில், ஓய்வுபெற்ற காற்றாலைகளின் இறக்கைகளைத் துண்டு துண்டாக அறுத்து வரிசையாகக் கிடத்தி மண்ணிட்டு மூடியதை உலகம் படங்களில் பார்த்தது. கண்ணாடி இழையும் இறுகிய பிசினும் ஒன்றிப்போன அந்த இறக்கைகளை வேறு என்ன செய்வது என்று அன்று பலருக்கும் தெரியவில்லை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் இறக்கைகளும் அதே இனத்தைச் சேர்ந்தவையே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரைகளுக்கு நிவாரணமாக வந்து இறங்கிய படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். கட்டும் கூடத்தில் அச்சின் மேல் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினில் கேட்டலிஸ்ட்டைக் கலந்து, அது இறுகுவதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து ஏற்றும் தொழிலாளருக்குத் தெரியும், ஒருமுறை இறுகிவிட்டால் அந்த வாளியில் மிஞ்சியது வாளியோடு போயிற்று என்று. அந்த ரெசின் பாலியஸ்டர்தான். அதன் சங்கிலிகளில் தண்ணீரால் அறுபடக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவது ஸ்டைரீன். அந்தக் கட்டு கரியணுவுக்குக் கரியணு நேராகப் பிணைந்தது. அதை அறுக்கும் நுண்ணுயிரை மண்ணிலோ கடலிலோ நம்பி உட்கார்ந்திருப்பதற்கில்லை.

ஆகவே வினா இப்படி அமைகிறது: இறுகிய வலையின் வலிமையும் வேண்டும், ஆனால் அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சும் உரிய காலத்தில் அவிழவும் வேண்டும் என்றால், முடிச்சை எதனால் போடுவது? இயற்கை இதற்கு விடை சொல்லிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. தக்காளிப் பழத்தின் தோலை உரித்து எடுத்துப் பாருங்கள். மெல்லியதாயும் பளபளப்பாயும் தண்ணீர் புகாததாயும் உள்ள அந்தத் தோலின் மேற்படலம் கியூட்டின் என்னும் குறுக்குப் பிணைப்புள்ள பாலியஸ்டர். கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் முடிச்சுகளால் வலையாகப் பின்னப்பட்ட அந்தப் பதார்த்தம், செடியில் இருக்கும்வரை வெயிலையும் மழையையும் தாங்குகிறது. தரையில் விழுந்தபின் பூஞ்சைகள் கியூட்டினேஸ் என்னும் என்சைமைச் சுரந்து அதை அறுத்து உண்கின்றன. ஜப்பானில் இலைதழை மக்கிய உரக் குவியல் ஒன்றிலிருந்து கண்டெடுத்த இவ்வகை என்சைமைத் திருத்தி அமைத்து, பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2020-ல் பெட் பாட்டில்களின் பாலியஸ்டரையே மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டினார்கள். அரக்கும் இத்தகையதே, பூச்சி சுரக்கும் அந்தப் பிசினும் எஸ்டர்களால் ஆனது, அதன் ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் 1924-ல் ஒரு நிலையம் அமைத்தார்கள். முடிச்சு எஸ்டராக இருக்கட்டும் என்பதே இயற்கையின் யோசனை.

ரசாயன சாஸ்திரமும் இந்த வழியில் அடியெடுத்து வைத்தது புதிதன்று. ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ் 1847-லேயே கிளிசரினையும் டார்டாரிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி ஒரு பிசினைக் கண்டார். அதன் உறவினராகிய ஒரு பிசினை இன்று கல்லூரிச் சோதனைச்சாலை எதிலும் ஆக்கிப் பார்க்கலாம். சோப்புத் தொழிலிலும் பயோடீசல் தொழிலிலும் உபரியாக விழும் கிளிசரினையும், கறுப்புப் பூஞ்சையைச் சர்க்கரையில் வளர்த்து எடுக்கும் சிட்ரிக் அமிலத்தையும் கலந்து சூட்டில் வைத்தால், முதலில் அமிலத்தின் வெண்படிகங்கள் கரைந்து தெளிந்த பாகு ஆகும்; பிறகு அதில் சிறு குமிழிகள் எழத் தொடங்கும். அந்தக் குமிழிகள் பாகு கொதிப்பதால் வருவன அல்ல. கிளிசரினின் ஒரு கையும் அமிலத்தின் ஒரு கையும் எஸ்டராகச் சேரும்போதெல்லாம் ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஆவியாகி வெளியேறுகிறது. கிளிசரினுக்குக் கைகள் மூன்று. சிட்ரிக் அமிலத்துக்கு அமிலக் கைகள் மூன்றும் வேறு ஒன்றும். நேரம் ஆக ஆகப் பாகு கனத்து, கண்ணாடிக் கோலைத் தூக்கினால் கம்பி இழுத்து, குமிழிகள் மேலே வர மாட்டாமல் நடுவிலேயே தங்கத் தொடங்கும். அப்புறம், சற்று முன்வரை ஓடிக்கொண்டிருந்தது சட்டென ஓடாமல் நின்றுவிடும். கோலை அசைத்தால் பாத்திரம் முழுவதும் சேர்ந்து அசையும். அந்தக் கணத்தில்தான் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வலை பூர்த்தியாகிறது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் 175 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது சிட்ரிக் அமிலமே சிதைந்து, பாகு பழுப்பேறிக் கெட்டுவிடும். ஆகவே இதற்குப் பொறுமையும் அவசியம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் காடி ரோத்தன்பெர்க்கும் ஆல்பர்ட் ஆல்பர்ட்ஸும் இவ்விரு பொருள்களிலிருந்தே ஒரு பிசினை ஆக்கி, அதைத் தொழிலாக வளர்க்கவும் வழி செய்தார்கள்.

பாகு எப்போது நிற்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? நைலானைக் கண்ட கரோதர்ஸ் 1936-ல் ஒரு சூத்திரம் வகுத்தார். இரு கைகள் கொண்ட அமிலத்தோடு கிளிசரினைச் சரிவிகிதத்தில் சேர்த்தால், நூற்றுக்கு 83 கைகள் கோத்தபின் வலை அமையும் என்று அது சொன்னது. சில ஆண்டுகளில் பால் பிளோரி, நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு, 71 போதும் என்றார். சோதனைச்சாலையில் அளந்து பார்த்தபோது கண்டது இவ்விரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 76. இருவருமே பேரறிஞர்கள், பிளோரி பிற்பாடு, 1974-ல், நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் பாத்திரத்தில் நடந்தது பாத்திரத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது. பிசின் விஷயத்தில் சூத்திரத்தை நம்பிச் சோதனையைத் தவிர்க்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வலை அமைந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை; சொல்லப்போனால் அங்கேதான் தொடங்குகிறது. இறுகிய துண்டுக்குள் வலையில் சேராமல் தனித்துத் திரியும் அமிலமும் கிளிசரினும் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்பது முதற்கேள்வி. துண்டைப் பொடித்து, காகிதக் குப்பியில் இட்டு, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் தொங்கவிட்டு, கீழே கொதிக்கும் திரவத்தின் ஆவி மேலே குளிர்ந்து திரும்பத் திரும்ப அதன்மேல் சொட்டி வடியுமாறு மணிக்கணக்கில் கழுவினால், கட்டப்படாதது கரைந்து போகும், கட்டுண்டது மிஞ்சும். மிஞ்சியதை உலர்த்தி நிறுத்தால் நூற்றுக்கு எவ்வளவு வலை என்று தெரியும். இந்த அளவைச் சொல்லாமல் ‘எங்கள் பிசின் மண்ணில் ஒரு மாதத்தில் முப்பது சதவீதம் எடை இழந்தது’ என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. வேகாத அமிலத்தை மழைத் தண்ணீர் அலசிக்கொண்டு போனாலும் எடை குறையும். துண்டு பொடியாகி உதிர்ந்து சல்லடையில் நழுவினாலும் எடை குறையும். நுண்ணுயிர்கள் உண்டாலும் எடை குறையும். மூன்றில் எது நடந்தது என்று தராசு சொல்லாது. பூந்தொட்டியில் புதைத்து, தோண்டி எடுத்து, நிறுத்துப் படம் பிடிக்கும் சோதனை மாணவர்களுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் அதை ஆதாரமாகக் காட்டி ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புவது நியாயமாகாது.

பின் எதை நம்புவது? மூச்சை நம்ப வேண்டும். ஒரு பதார்த்தத்தை நுண்ணுயிர்கள் உண்டன என்பதற்கு மறுக்கவொண்ணாத அடையாளம், அதிலிருந்த கரி அவற்றின் உடலுக்குள் எரிந்து கரியமில வாயுவாக வெளியேறுவதே. ஐ.எஸ்.ஓ. 14855 என்ற சர்வதேச முறைப்படி, முதிர்ந்த மக்கு உரம் 600 கிராமும் சோதனைப் பொருள் 100 கிராமும், இரண்டையும் உலர்ந்த எடையில் கணக்கிட்டு, ஒரு கலத்தில் இட்டு ஈரப்படுத்தி, 58 டிகிரிச் சூட்டில் வைக்கிறார்கள். உள்ளே செல்லும் காற்றிலிருந்து கரியமில வாயுவை முன்பே நீக்கிவிட்டு, வெளியே வரும் காற்றைக் காரக் கரைசலில் குமிழியிடச் செய்தால், பேரியம் கரைசலாயின் வெண்மையான வண்டல் படியும். எஞ்சிய காரத்தை அளக்க, அதில் ஒரு சொட்டு பினாப்தலீனை விட்டு இளஞ்சிவப்பாக்கி, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, நிறம் மறையும் சொட்டில் நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே வெறும் உரம் மட்டும் உள்ள கலங்களும், செல்லுலோஸ் இட்ட கலங்களும் நிற்கும். வெறும் உரத்தின் மூச்சைக் கழித்தால்தான் பொருளின் மூச்சு தெரியும். செல்லுலோஸ் 100 கிராம் முழுவதும் மக்கினால் சுமார் 163 கிராம் கரியமில வாயு வர வேண்டும். அதில் நூற்றுக்கு 70-க்கு மேல் 45 நாட்களுக்குள் வராவிட்டால் உரத்தில் உயிர் இல்லை, சோதனையே செல்லாது. இப்படி 180 நாட்களுக்குள், பொருளின் கரியில் நூற்றுக்கு 90 பங்கு வாயுவாக மாறியிருந்தால்தான் மக்குந்தன்மை நிரூபணமாயிற்று என்று கொள்கிறார்கள். அதோடு, 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. அந்த உரத்தில் விதைத்த பயிர் மற்ற உரத்தில் விதைத்ததற்கு இளைத்துவிடவும் கூடாது. இன்று கருவிகளே வாயுவை அளந்து கணக்கெழுதுகின்றன. ஆயினும் ஆறு மாதத்தை ஆறு வாரமாக்கும் கருவியை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவு செம்மையான சோதனையும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 58 டிகிரி என்பது பெரிய உரத் தொழிற்சாலைக் குவியலின் உள்வெப்பம்; நம் தோட்டத்து மண்ணுக்கு அந்தச் சூடு நிலையாக இருப்பதில்லை; கடலடிக்கோ சொல்லவே வேண்டாம். பொடியாக அரைத்துச் சோதித்தால் விரைவில் மக்குவது, விரற்கனத் தகடாக இருந்தால் மிகவும் தாமதிக்கலாம். குறுக்குப் பிணைப்புள்ள பிசினில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனெனில் என்சைம்கள் பருத்த மூலக்கூறுகளாதலால் நெருங்கிய வலையின் கண்களுக்குள் நுழைய மாட்டாமல் மேற்பரப்பை மட்டுமே அரித்துக்கொண்டு வர வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. புதிய உணவு கிடைத்த உற்சாகத்தில் நுண்ணுயிர்கள் மண்ணில் முன்பே கிடந்த பழைய கரியையும் சேர்த்து உண்ணத் தொடங்கினால், கணக்கில் நூற்றுக்கு நூறுக்கு மேலும் வரும். பொருள் முழுவதும் மக்கிவிட்டது என்று ஏமாந்துபோவோம். இதைத் தீர்க்க, ஜூரிச் நகரத்து விஞ்ஞானிகள் 2018-ல், பாலியஸ்டர் ஒன்றின் கரியணுக்களில் சிலவற்றைச் சற்றே கனமான கார்பன் 13-ஆல் குறியிட்டு, அந்தக் குறி பதித்த கரி வாயுவிலும் பூஞ்சைகளின் உடலிலும் போய்ச் சேர்ந்ததைப் பின்தொடர்ந்து காட்டினார்கள். கரியணு எங்கே போயிற்று என்று ஒவ்வொரு படியிலும் கணக்குச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆக்கமும் சோதனையும் கைகோத்து நடந்தால் எவ்வளவு அழகான பலன் கிட்டும் என்பதற்கு மருத்துவத் துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். மாசசூசட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராபர்ட் லாங்கரின் ஆய்வுக்குழுவில் யாடோங் வாங்கும் தோழர்களும் 2002-ல் வெளியிட்ட பிசின், கிளிசரினும் செபாசிக் அமிலமும் சேர்ந்தது. செபாசிக் அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஆமணக்கு விளைவிப்பதில் உலகில் முதலிடம் நம் தேசத்துக்கே. 120 டிகிரிச் சூட்டில், முதலில் காற்றை விலக்கியும் பின்னர் வெற்றிடத்திலும் நாட்கணக்கில் வைத்து இறுக்கிய அந்தப் பிசின், ரப்பரைப் போல இழுபட்டு மீண்டது. எலிகளின் தோலுக்கடியில் வைத்தபோது, உள்ளே ஊறி நொறுங்காமல் மேற்பரப்பிலிருந்து படிப்படியாகத் தேய்ந்து, 60 நாட்களில் உடலோடு கலந்து மறைந்தது. உடலுக்குள் வைக்கும் பொருளாயிற்றே என்று வாரா வாரம் அளந்தார்கள். வடிவம், எடை, வலிமை, சுற்றியுள்ள சதையின் நிலை எல்லாவற்றையும் பார்த்தார்கள். மனித உடலுக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை மண்ணுக்குக் காட்ட வேண்டாம் என்று எந்த சாஸ்திரம் சொல்லிற்று?

மண்ணில் இதன் அவசியம் எங்கே என்று கேட்டால், நான் முதலில் படகையோ காற்றாலையையோ சொல்ல மாட்டேன். இருபது ஆண்டு அலையிலும் காற்றிலும் உழைக்க வேண்டியவற்றை மக்கும் பிசினால் செய்வது அறிவீனம். அவற்றுக்கு வேண்டியது, பயன் முடிந்தபின் திரும்பச் சேகரித்து, முடிச்சுகளை ரசாயனத்தால் அவிழ்த்து, இழையையும் பிசினையும் மீட்டெடுக்கும் உபாயம். மக்கும் பிசின் வேண்டுவது, தூவிய பிறகு திரும்பப் பொறுக்க முடியாத பொருள்களுக்கு. மெதுவாகக் கரையும்படி உரமணிகளின் மேல் பூசும் பிசின் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கினார்கள். அதனால் இந்தச் சங்கடம் நமக்கு இன்னும் பெரிதாக வரவில்லை. ஜப்பானிலோ நெல்வயல்களில் இட்ட உரம் கரைந்துபோன பின், உள்ளீடற்ற பிளாஸ்டிக் ஓடுகள் வடிகால் வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் மிதந்து சென்று கரைகளில் ஒதுங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றிய உரச் சட்டத்தில் இத்தகைய உறைகள் மக்க வேண்டும் என்பதையே நிபந்தனையாக்கிற்று. பயிர்க்காலம் முழுவதும் மழைக்கும் பாசனத்துக்கும் அசையாமல் நின்று, அறுவடைக்குப் பின் மண்ணோடு மண்ணாக வேண்டும் என்ற இந்த இரட்டைக் கட்டளையை நிறைவேற்ற, எத்தனை குறுக்கு முடிச்சு, எந்த முடிச்சு, என்ன கனம் என்று நுணுகித் தேர்ந்தாக வேண்டும். குறுக்குப் பிணைப்பின் ரசாயனம் உண்மையாகவே தன் திறமையைக் காட்ட வேண்டிய களம் இதுதான். விதைகளின் மேல் பூசும் மெழுகும், நாற்றங்காலில் பயன்படும் கலயங்களும் இதே வகையைச் சேர்ந்தவை.

செடியிலிருந்து வந்தது மண்ணில் மக்கிவிடும் என்று நம்மில் மிகப் பலர் எண்ணுகிறார்கள், அது பிழை. பண்ருட்டிப் பக்கத்தில் உடைக்கும் முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயில் கார்டனால் என்ற பொருள் உண்டு. அதைப் பார்மால்டிஹைடோடு சேர்த்து இறுக்கிய பிசின் வாகனங்களின் பிரேக் கட்டைகளில் பல்லாண்டுகளாகப் பயன்படுகிறது. மரத்தில் காய்த்ததுதான், ஆனால் அதன் குறுக்கு முடிச்சு பேக்லைட்டின் முடிச்சு, மண் அதைத் தீண்டாது, பிரேக் கட்டைக்கு வேண்டியதும் அதுதான். மறுபுறம், பாலிகாப்ரோலாக்டோன் என்னும் பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. நுண்ணுயிர்களோ அதை நன்றாகவே உண்கின்றன. பூர்வோத்தரம் பார்த்துப் பயனில்லை. முடிச்சைப் பார்க்க வேண்டும், முடிச்சு அவிழ்ந்ததற்குக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முத்திரையை நம்பி ஏமாந்ததற்கு இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று போதும். மக்கும் என்று எழுதி விற்ற பைகளை மண்ணில் புதைத்தும் கடல்நீரில் தொங்கவிட்டும் வைத்து, மூன்றாண்டு கழித்து எடுத்தபோது, கடைச்சாமான்களை இட்டுத் தூக்கும் அளவுக்கு அவற்றில் வலு மீந்திருந்தது. உரமாகும் என்று எழுதிய பையோ கடலில் மூன்றே மாதத்தில் மறைந்தது. மண்ணில் 27 மாதம் கழிந்தும் கிடந்தது. ஒரே பை, இரண்டு இடம், இரண்டு விதி. இடத்தைச் சொல்லாத மக்குந்தன்மைக்கு அர்த்தம் ஏது?

நம் அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பலவற்றைத் தடுத்தது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தேசம் முழுவதற்கும் ஒரு பட்டியலைத் தடை செய்தது. 2024-ல் திருத்திய விதிகளில், மக்கும் பிளாஸ்டிக் என்றால் நுண்பிளாஸ்டிக் எச்சம் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். மிக நல்ல வாசகம். ஆனால் எச்சம் இல்லை என்று நிரூபிப்பது, எச்சம் உண்டு என்று நிரூபிப்பதைவிடப் பல மடங்கு கடினம். அதற்கு வேண்டிய கலங்களும் கருவிகளும் பயிற்சி பெற்ற கைகளும் பெருகாமல் வாசகம் மட்டும் பெருகினால், அச்சடித்த சான்றிதழே சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தடை வந்தவுடன் மாற்றுப் பொருள் தேடித் தவித்த சிறு தொழில்காரர், ஒரு சோதனைக்கு ஆறு மாதமும் அதற்குரிய கட்டணமும் தம்மால் தாங்க முடியாதென்று சொன்னால், அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுமை பொதுச்சுமையாக வேண்டும்.

சென்னை கிண்டியில் 1968 முதல் பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இயங்குகிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மண்ணை அறிந்தவர்களும் பிசினை அறிந்தவர்களும் ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். இவர்கள் ஒன்றுகூடி, கரிசலிலும் செம்மண்ணிலும் காவிரி வண்டலிலும் கடலோர உவர்மணலிலும் நிரந்தரமான சோதனைப் பாத்திகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆண்டு முழுவதும் குறித்துவர வேண்டும். ஐரோப்பிய மண்ணின் 20, 25 டிகிரியில் இரண்டாண்டு என்று எழுதிய விதி, கோடையில் மேல்மண் கொதிக்கும் ராமநாதபுரத்துக்கும் குளிரில் உறையும் உதகைக்கும் எப்படிப் பொருந்தும் என்று நாமே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு தொழில்காரர் தம் பொருளை அங்கே கொண்டுவந்து கொடுக்கலாம். கட்டணத்தை அரசு ஏற்கலாம். பதிலுக்கு முடிவு எதுவாயினும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படும் என்பதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். மக்காத பிசினின் கணக்கும் மக்கிய பிசினின் கணக்கைப் போலவே அச்சில் வர வேண்டும், ஏனெனில் எந்த முடிச்சு அவிழவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்தவர் அதே முடிச்சைப் போட்டு அதே ஆண்டுகளை வீணாக்காதிருப்பார்.

பொருளின் மேல் எழுதும் எழுத்தும் மாற வேண்டும். இன்னின்ன மண்ணில், இத்தனை டிகிரியில், இவ்வளவு கனத்தில், இத்தனை மாதத்தில், நூற்றுக்கு இவ்வளவு கரி வாயுவாயிற்று என்று ஒரு வரி. அதே சோதனையில் பக்கத்துக் கலத்து செல்லுலோஸ் எவ்வளவு மக்கிற்று என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளையும் எழுத முடியாத பொருளை உள்ளாட்சி மன்றங்களும் வேளாண்மைத் துறையும் கோயில் நிர்வாகங்களும் மக்கும் பொருள் என்ற தலைப்பில் வாங்குவதை நிறுத்தினால் போதும். சந்தை மற்றதைத் தானே கற்றுக்கொள்ளும். முதல் ஆண்டில் அப்படி வாங்குவதற்கு அதிகப் பொருள்கள் அகப்படமாட்டா. அந்த ஓராண்டு பாக்குமட்டைத் தட்டும் வாழையிலையும் துணிப்பையும் நமக்குப் போதுமானவையே.